பின்சீட்டுக்கு ஏற்ற ப்ரொப்பெல்லர்

செப்டம்பர் 2, செவ்வாய்

படகு இன்று மணிக்கு அறுபத்தெட்டு கிலோமீட்டர் போனது. என் தொப்பி போன இடம் தெரியவில்லை.

காலையில் மச்சான் புது ப்ரொப்பெல்லரைத் துண்டில் சுற்றி, பிறந்த குழந்தையைத் தூக்கிவருவதுபோல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தான். மூன்று இலை, துருப்பிடிக்காத எஃகு, முகம் பார்க்கலாம். இலைகள் சேரும் நடுக் குடத்தில் இருபத்தொன்று என்று பொறித்திருக்கிறது. ஒரு சுற்று சுற்றினால் படகை இருபத்தொரு அங்குலம் முன்னே தள்ளும் என்று கணக்கு. எங்களிடம் இருந்த பழையது பதினேழுதான். மச்சானுக்கு எண் பெரிதாக இருந்தால் போதும், வேறு ஒன்றும் கேட்க மாட்டான். இன்ஜின் மெக்கானிக். என் மனைவிக்கு அண்ணன், அதற்கு முன்பே எனக்குக் கூட்டாளி, இந்தப் படகிலும் பாதி அவனுடையது.

"மாப்ள, இனிமே இந்தத் துறையில நம்மளத் தொட ஆள் கிடையாது."

நாங்கள் இருவர், கால் டாங்க் பெட்ரோல், அலையில்லாத தண்ணீர். பறந்தோம். இரண்டு பேருக்கும் வயது நாற்பதைத் தாண்டிவிட்டது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அப்படிக் கூச்சல் போட்டோம்.

டீச்சருக்குப் போன் செய்து சொன்னேன். (கல்யாணத்துக்கு முன்பு வந்த பழக்கம், இன்னும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறேன்.) "தொப்பி போட்டுக்கிட்டா போனீங்க?" என்று கேட்டாள். அறுபத்தெட்டைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

செப்டம்பர் 3, புதன்

தொப்பி கிடைத்துவிட்டது. யாரோ ஒருவர் வலையில் மாட்டியதாம். மீன் வாடை போகவே மாட்டேன் என்கிறது.

செப்டம்பர் 6, சனி

டீச்சர் நேற்று மாலை வந்தாள். நாளை மாலை போய்விடுவாள். கல்யாணமாகி இரண்டு வருஷம்; சேர்ந்திருந்த நாட்களை எண்ணினால் ஏழு மாதம் தேறாது.

குற்றம் யாருடையதும் இல்லை, கடிகாரத்துடையது. அவள் வேலை பார்க்கும் தீவுப் பள்ளியில் மணி அடிப்பது எட்டு நாற்பதுக்கு. இங்கே எட்டு மணி வரை மீன்பிடிப் படகுகள் உள்ளே வந்துகொண்டிருக்கும்; அதற்கு முன் பயணிகள் படகு எதையும் துறைமுக அலுவலகம் வெளியே விடாது. எட்டு மணி லாஞ்சு அக்கரை சேர ஒரு மணி நேரம். அதனால் ஆசிரியர்கள் எட்டுப் பேரும் வாரம் முழுவதும் அங்கே குவார்ட்டர்ஸில் கிடக்கிறார்கள். அவரவர் வீடும் குடும்பமும் இந்தக் கரையில்.

எங்கள் படகு அரை மணிக்குள் போய்விடும். இதைத்தான் டீச்சர் மூன்று மாதமாகத் தலைமையாசிரியையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருவழியாக அந்த அம்மா இறங்கி வந்திருக்கிறார். பதினைந்தாம் தேதி, திங்கட்கிழமை, ஒரே ஒரு தடவை எல்லாரும் எங்கள் படகில் வருவார்கள். மணி அடிப்பதற்குள் உள்ளே இருந்தால் தினமும் வந்துபோக அனுமதி. இல்லாவிட்டால் குவார்ட்டர்ஸ் படிவத்தில் மாத முடிவுக்குள் கையெழுத்து. கையெழுத்துப் போட்டால் இன்னும் ஒரு வருஷம்.

"எத்தனை பேரை வச்சு ஓட்டிப் பாத்தீங்க?" என்றாள் டீச்சர்.

"நானும் உங்க அண்ணனும்."

கணக்கு டீச்சர் ஒருவரைப் பார்க்கும் பார்வை ஒன்று உண்டு. விடை சரியாக வந்தும் வழி தப்பாகப் போட்ட பையனைப் பார்ப்பது. அப்படிப் பார்த்தாள். மச்சான் குறுக்கே வந்து, "அறுபத்தெட்டும்மா! பாதியாக் குறைஞ்சாக்கூட அரை மணியில போயிடலாம்" என்றான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

செப்டம்பர் 14, ஞாயிறு

டீச்சர் இன்று மாலை லாஞ்சில் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டில் இருக்கிறாள்! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முட்டை பொரித்தேன், கருகிவிட்டது, சாப்பிட்டோம்.

செப்டம்பர் 15, திங்கள்

எழுதவே கை கூசுகிறது. எழுதித் தொலைக்கிறேன்.

எட்டு மணிக்குச் சரியாக எல்லாரும் வந்துவிட்டார்கள். எட்டுப் பேர், எட்டு சாப்பாட்டுப் பை, இரண்டு கட்டு நோட்டு, பி.டி. மாஸ்டர் கொண்டுவந்த ஒரு மூட்டை பந்து. நானும் மச்சானும் சேர்த்து பத்துப் பேர். தலைமையாசிரியை நேரே பின்பக்கம் போய் மெத்தை போட்ட பின்சீட்டில் உட்கார்ந்தார். பக்கத்தில் உதவித் தலைமை. அதற்கு முன்னால் அறிவியல், வரலாறு. இப்படியே வேலைக்குச் சேர்ந்த வருஷ வரிசையில் முன்னால் வந்து, கடைசியாகச் சேர்ந்த என் டீச்சர் முன்பலகையில், சாரல் அடிக்கிற இடத்தில். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. லாஞ்சில் அப்படித்தானாம், காலங்காலமாக.

கயிற்றை அவிழ்த்து, அலைத் தடுப்புச் சுவரைத் தாண்டி, ஆக்சிலரேட்டரை முழுசாக முறுக்கினேன். இன்ஜின் முக்கியது. முன்பக்கம் வானத்தைப் பார்த்து எழுந்தது, பின்பக்கம் தண்ணீரில் உட்கார்ந்துகொண்டது. அப்படியே நின்றுவிட்டது. படகு தண்ணீருக்கு மேலே ஏறி வழுக்கிக்கொண்டு போனால்தான் வேகம். ஏறாவிட்டால் தண்ணீரை உழுதுகொண்டே போக வேண்டியதுதான். உழுதோம். இன்ஜின் சுற்றைக் காட்டும் மீட்டர் முள் மூவாயிரத்து முந்நூறைத் தாண்ட மாட்டேன் என்றது. எனக்கு எதிரே கடல் தெரியவில்லை. டீச்சரின் குடைதான் தெரிந்தது.

லாஞ்சு எங்களை முந்திப் போனது. லாஞ்சு! அதில் இருந்த ஒருவர் கை வேறு காட்டினார்.

எங்கள் மானம் கப்பலேறியது. படகுதான் கடைசிவரை ஏறவில்லை.

பள்ளி வாசலை எட்டும்போது ஒன்பதே கால். பிள்ளைகள் வரிசை கலைந்து மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியை வருகைப் பதிவேட்டை எடுத்து, தாமதமாக வந்தவர்களுக்கு இழுக்கும் சிவப்புக் கோட்டை முதலில் தன் பெயருக்கு நேரே இழுத்தாராம். முப்பத்தொரு வருஷத்தில் அவருடைய முதல் சிவப்புக் கோடு. டீச்சர் போனில் சொன்னாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

செப்டம்பர் 16, செவ்வாய்

என்னத்த எழுத. படிவத்துல கையெழுத்துப் போட்டுடுவா. இன்னும் ஒரு வருஷம். அறுபத்தெட்டாம், அறுபத்தெட்டு! யாருக்கு வேணும் அது?

செப்டம்பர் 18, வியாழன்

மச்சானோடு சண்டை. பிறகு டீ. பிறகு மறுபடி சண்டை.

அவன் சொன்னது: இன்ஜினில் கோளாறு இல்லை, ப்ரொப்பெல்லரில் கோளாறு இல்லை, ஆட்கள்தான் அதிகம். நான் சொன்னது: ஆட்களை ஏற்றத்தானே படகு? ஆள் நிறைந்த பஸ்ஸை மேட்டில் மூன்றாவது கியரில் எடுத்தால் என்ன ஆகும், அதைத்தான் செய்திருக்கிறோம். பெரிய எண் என்பது பெரிய கியர். நம் இன்ஜின் நிமிஷத்துக்கு ஐயாயிரத்திலிருந்து ஆறாயிரம் தடவை சுற்றினால்தான் முழு பலம் தரும். இருபத்தொன்றைக் கட்டி மூவாயிரத்து முந்நூறிலேயே மூச்சடைக்க வைத்துவிட்டோம். எண்ணில் ஒன்று குறைத்தால் சுற்று ஏறக்குறைய இருநூறு கூடும்.

"இதெல்லாம் எனக்குத் தெரியாதா மாப்ள?"

"தெரியும்ல? அப்புறம் ஏன்டா மாட்டின?"

தலையைச் சொறிந்தான். "பளபளன்னு இருந்துச்சு" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதோடு கோபம் போய்விட்டது.

மாலையில் போனில் டீச்சரிடம் எல்லாருடைய எடையையும் கேட்டு வாங்கச் சொன்னேன். பி.டி. மாஸ்டர் மட்டும் பெருமையாகச் சொன்னாராம். மற்றவர்கள் சொன்னது எல்லாம் கல்யாணத்துக்கு முந்தைய எடை. உதவித் தலைமை, "படகு என்ன, என்னைத் தூக்கிக்கிட்டா போகுது?" என்று கேட்டிருக்கிறார். டீச்சர் கண் மதிப்பில் ஒரு பட்டியல் போட்டு அனுப்பியிருக்கிறாள். அதை யாருக்கும் காட்டக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

செப்டம்பர் 20, சனி

இன்றைய நாளை மறக்க மாட்டேன்.

பழைய பதினேழை மறுபடி மாட்டினோம். ஆட்களுக்குப் பதில் இருபது லிட்டர் தண்ணீர் கேன். தலைக்கு மூன்று, கனமானவர்களுக்கு நான்கு, மொத்தம் இருபத்தாறு கேன். துறைமுகக் குழாயில் பிடித்து ஏற்றுவதற்குள் இடுப்பு ஒடிந்தது. இந்தப் பக்கம் பதின்மூன்று, அந்தப் பக்கம் பதின்மூன்று, முன்னும் பின்னும் சமமாக அடுக்கிவிட்டுப் போனோம். ஒன்பதே விநாடியில் ஏறிவிட்டது! நான் ஸ்டியரிங்கை முத்தமிட்டேன். மச்சான் ஆடினான்.

கரைக்குத் திரும்பினால் டீச்சர் இடுப்பில் கை வைத்து நிற்கிறாள்.

"கேனெல்லாம் ரொம்ப ஒழுங்கா உக்காந்திருக்கு. எங்க ஸ்டாஃப் அப்படியா உக்காருவாங்க?"

மச்சான் இன்ஜினை அணைத்தான்.

கைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்தாள். நான்கு கேன்களில் 'தலைமை' என்று எழுதினாள், நான்கில் 'உதவி', பிறகு அறிவியல், வரலாறு என்று வரிசையாக. தன் பங்கு மூன்றில் 'நான்'. பள்ளியில் சேர்ந்த வருஷப்படி பின்னாலிருந்து அடுக்கச் சொன்னாள். மச்சான் ஒரு கேன் மீது காலை வைத்து ஏறப் போனான்.

"அண்ணே, கால எடு. அது ஹெட்மிஸ்ட்ரஸ்."

பயந்துபோய்க் காலை எடுத்தான்.

மறுபடி ஓட்டினோம். பின்பக்கம் உட்கார்ந்தது, முன்பக்கம் வானத்துக்குப் போனது. ஏறவே முக்கால் நிமிஷம். அலைக்காக வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் உடனே மறுபடி உட்கார்ந்துகொண்டது. அக்கரை வரை போய்ப் பார்த்தோம், முப்பத்தெட்டு நிமிஷம். படகுத்துறையிலிருந்து பள்ளிக்கு நடக்க எட்டு நிமிஷம். கூட்டிப் பார்த்தால் இன்னொரு சிவப்புக் கோடு.

"அப்ப பெரியவங்க நாலு பேரை முன்னால வரச் சொல்லிட்டா தீந்துச்சு" என்றான் மச்சான்.

"யாரு சொல்றது?" என்றாள் டீச்சர்.

மச்சான் 'தலைமை' கேன் ஒன்றைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினான், பிறகு பழைய இடத்திலேயே வைத்துவிட்டான்.

செப்டம்பர் 21, ஞாயிறு

நானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு தலைமையாசிரியை வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். இன்னொரு வாய்ப்புக் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முன்பக்கம் உட்கார முடியுமா என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் அவர் பேசிவிட்டார்.

"உங்க வீட்டுக்காரம்மா நனைஞ்சாங்களா அன்னிக்கு?"

"கொஞ்சம் நனைஞ்சா, மேடம்."

"நான் சேர்ந்தப்போ லாஞ்சுல முன்பலகைதான். பதினாலு வருஷம் ஈரப் புடவையோடதான் பாடம் எடுத்தேன். ஒருத்தர் ரிட்டயர் ஆனா ஒரு பலகை பின்னால வருவேன். அந்தப் பின்சீட்டுக்கு நான் சும்மா வந்து சேரல தம்பி." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

நான் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவரை மறுபடி முன்பலகைக்கு அனுப்புவது? எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது, அது வேறு தொல்லை.

இருபத்தொன்பதாம் தேதி, திங்கட்கிழமை. அதுதான் கடைசி. "அன்னிக்கும் கோடு விழுந்துச்சுன்னா, அதோட படகுப் பேச்சை விட்டுடணும். மறுநாள் படிவம் எல்லாத்தையும் அனுப்பிடுவேன்."

செப்டம்பர் 23, செவ்வாய்

ப்ரொப்பெல்லர் கடைக்குத் தனியாகப் போனேன். மச்சானைக் கூட்டிப்போனால் பளபளப்பானதைப் பார்த்து நின்றுவிடுவான்.

கடைக்காரர் படகின் நீளம், இன்ஜினின் குதிரைசக்தி எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். நான் டீச்சரின் பட்டியலை நீட்டி (சத்தியத்தை மீறித்தான்), யார் எங்கே உட்காருவார்கள் என்று படம் போட்டுக் காட்டினேன். பின்பக்கம் கனம், அது நகராது, நகர்த்தவும் கூடாது என்றேன்.

"இங்க வர்றவங்க எல்லாம் எவ்வளவு வேகம் போகும்னுதான் கேப்பாங்க. யாரு எங்க உக்காருவாங்கன்னு சொல்லிக்கிட்டு வந்த மொத ஆளு நீங்கதான்."

உள்ளே போய் ஒன்றை எடுத்துவந்தார். நான்கு இலை, அலுமினியம், கறுப்புப் பெயின்ட் அங்கங்கே உரிந்து, பார்க்கவே சகிக்கவில்லை. எண் பதினாறு. மூன்று இலையைவிட நான்கு இலை தண்ணீரை நன்றாகப் பிடிக்குமாம். பின்பக்கத்தைத் தூக்கிக் கொடுக்குமாம். வேகம் குறைந்தாலும் படகைச் சட்டென்று கீழே விடாதாம். "ஆனா உச்ச வேகம் போயிடும், பரவாயில்லையா?" என்றார்.

போகட்டும் என்றேன். சொல்லும்போது கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

செப்டம்பர் 25, வியாழன்

அதே இருபத்தாறு கேன், அதே சாக்பீஸ் பெயர், அதே வரிசை. மச்சான் இரண்டு நாளாக அந்தக் கறுப்பு ப்ரொப்பெல்லரைத் தொடாமலே பேசிக்கொண்டிருந்தவன், இன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு மாட்டினான்.

பன்னிரண்டு விநாடியில் ஏறியது. முழுசாக முறுக்கினால் ஐயாயிரத்து அறுநூறு சுற்று. நாற்பத்தைந்து கிலோமீட்டர் வேகம். முப்பதுக்குக் குறைத்துப் பார்த்தேன், உட்காரவில்லை, மேலேயே நின்றது. மச்சான் மீட்டரையும் பின்சீட்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

கேன்களை இறக்கிவிட்டு நாங்கள் இருவர் மட்டும் போனோம். ஐம்பத்துமூன்று. அதற்கு மேல் முறுக்கினால் இன்ஜின் கத்துகிறது. மச்சான் மீட்டரை விரலால் தட்டித் தட்டிப் பார்த்தான். கரைக்கு வந்ததும், "தொப்பிகூடப் பறக்கல மாப்ள" என்றான், துக்கம் விசாரிக்க வந்தவன் குரலில்.

செப்டம்பர் 28, ஞாயிறு

காற்று எழுந்திருக்கிறது. கேனுக்குக் காற்றைப் பற்றிப் பயம் கிடையாது. எனக்கு இருக்கிறது.

செப்டம்பர் 29, திங்கள்

முதலில் கெட்ட செய்தி. அலை முழங்கால் உயரம். பட்டியலில் இல்லாத சுமை: தேர்வு விடைத்தாள் நான்கு கட்டு, வரலாற்று ஆசிரியர் சுருட்டிக் கொண்டுவந்த வரைபடங்கள், பி.டி. மாஸ்டரிடம் இந்த முறை இரும்புக் குண்டு. எறிவதற்காம்! அதையும் பின்னால்தான் வைத்தார்.

எட்டு மணி. பின்சீட்டில் தலைமையாசிரியை, மடியில் கைப்பை, கையில் கடிகாரம். என் மனைவி முன்பலகையில் குடையை விரிக்காமல் திரும்பி என்னையே பார்த்தாள். இது போனால் ஒரு வருஷம் போனது.

முறுக்கினேன். முன்பக்கம் எழுந்தது. ஐந்து விநாடி, பத்து, பன்னிரண்டு. இன்னும் எழுந்தே நின்றது. அய்யோ அந்தக் குண்டு, அந்தக் குண்டு என்று மனசுக்குள் கத்தினேன். பதினைந்து. பிறகு பின்பக்கத்தை யாரோ கீழிருந்து தோள் கொடுத்துத் தூக்கிவிட்டதுபோல இருந்தது. முன்பக்கம் இறங்கி, எனக்கு எதிரே கடல் முழுசாகத் தெரிந்தது. மச்சான் என் தோளில் ஓங்கி அடித்தான், இன்னும் வலிக்கிறது.

அலை வந்த இடங்களில் குறைத்தேன். உட்காரவில்லை. லாஞ்சைப் பின்னால் விட்டுவிட்டு வந்தோம். மச்சான் எழுந்து நின்று இரண்டு கையாலும் டாட்டா காட்டினான். உதவித் தலைமை, "உக்காருப்பா, படகு ஆடுது" என்று அதட்டினார்.

எட்டு இருபத்தேழுக்குப் படகுத்துறையில் இருந்தோம். தலைமையாசிரியை இறங்கி, புடவையைச் சரிசெய்து, கடிகாரத்தைப் பார்த்து, மறுபடி பார்த்தார். நான் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். பாராட்டும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"சாயங்காலம் எத்தனை மணிக்கு எடுப்பீங்க?" என்றார்.

"நாலரைக்கு, மேடம்."

"நாலே முக்கால் வச்சுக்குங்க. ஓடி வர முடியாது" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

டீச்சர் தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தாள். மூக்கு நுனியில் தண்ணீர் சொட்டிக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அழுதேன். சாரல் என்று மச்சானிடம் சொன்னேன், நம்பிவிட்டான்.

செப்டம்பர் 30, செவ்வாய்

படிவம் எட்டும் வெறுமையாகவே திரும்பிப் போயின. மச்சான் நாலு இலையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டேன். நான் பார்த்தது அவனுக்குத் தெரியாது.

அக்டோபர் 15, புதன்

இன்று எனக்கும் டீச்சருக்கும் சண்டை. சாதாரணச் சண்டை இல்லை, பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடும் அளவுக்கு.

சாயங்காலம் வந்ததும் சமையலறை இழுப்பறையைத் திறந்தாள். கரண்டிகளோடு என் ஸ்பேனர்களும் கிடந்தன. எப்போதும் அங்கேதான் கிடக்கும். அத்தனையையும் அள்ளி வாசலில் வைத்துவிட்டாள். கிரீஸ் டப்பாவையும். இரண்டு வருஷமாக அங்கேதானே இருக்கிறது, இன்றைக்கு மட்டும் என்ன வந்தது என்று நானும் குரலை உயர்த்தினேன்.

"வெள்ளிக்கிழமை வந்துட்டு ஞாயித்துக்கிழமை போறவளுக்கு எதுக்கு வாயின்னு ரெண்டு வருஷமா மூடிக்கிட்டு இருந்தேன். அதுக்காக இதெல்லாம் எனக்குப் பிடிச்சிருந்துச்சுன்னு நினைச்சீங்களா?"

அதற்குப் பிறகு முட்டை கருகுவது, ஈரத்துண்டைக் கட்டிலில் போடுவது, தொப்பியின் மீன் வாடை என்று ஒன்றுவிடாமல் வந்தது. நானும் சும்மா இருக்கவில்லை, பென்சில் சீவின குப்பையைப் பற்றி நாலு வார்த்தை சொன்னேன். கல்யாணமாகி இதுதான் எங்கள் முதல் சண்டை. இருந்த இரண்டு நாளில் ஒரு பொழுதைச் சண்டைக்குக் கொடுக்க இரண்டு பேருக்குமே மனசு வந்ததில்லை.

இப்போது அடுத்த அறையில் உட்கார்ந்து நோட்டுத் திருத்துகிறாள். ஒவ்வொரு பக்கத்தையும் வேண்டுமென்றே சத்தமாகப் புரட்டுகிறாள். நாளைக்கும் என்னோடு பேச மாட்டாளாம், சொல்லிவிட்டாள். பேசாமல் இருக்கட்டும். நாளைக்கு வியாழக்கிழமை, இங்கேதானே இருப்பாள்.